கீபோர்டுக்காரர் சக்கரத்தைத் தொட்டால் என் கிட்டார் ஊமையாகிறது: மிடி இணைப்பில் உதவி தேவை

ஆறுகம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் ஆறு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். இதுவரை மூன்று தனிப் பெடல்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்: ஓவர்டிரைவ், கோரஸ், டிலே. மூன்று மாதத்துக்கு முன்புதான் லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் வாங்கினேன், பல எஃபெக்ட்டுகளை ஒரே பெட்டியில் தரும் கருவி. ஆம்ப் கிடையாது. ஸ்டாம்ப்பிலிருந்து நேராக மிக்சருக்குப் போகிறது. கூடவே காலால் ஏற்றி இறக்கும் ஒரு எக்ஸ்பிரஷன் பெடலும் வைத்திருக்கிறேன். பெரும்பாலான பேட்ச்களில் (சேமித்து வைத்த சவுண்டு அமைப்புகளில்) அதை வால்யூமுக்குக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் கீபோர்டு அண்ணனிடம் இருப்பது பழைய அரேஞ்சர், ரிதத்தையும் தானே வாசிக்கும் வகைக் கீபோர்டு. பின்பக்கம் மிடிக்கான, அதாவது இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் இணைப்புக்கான, ஐந்து ஊசி ஓட்டைகள் உண்டு. "என்கிட்டேர்ந்து ஒரு மிடி கேபிள் போட்டுட்டா உன் டிலே என் ரிதத்தோட சேந்துரும்" என்றார். சரி என்று அவருடைய மிடி அவுட்டிலிருந்து என் மிடி இன்னுக்குக் கேபிள் போட்டோம். கீபோர்டில் கிளாக் (டெம்போவைச் சொல்லும் துடிப்பு) அனுப்புவதையும், ஸ்டாம்ப்பில் கிளாக் வாங்குவதையும் போட்டுவிட்டோம். டிலே அப்படியே பூட்டுப் போட்ட மாதிரி ரிதத்தோடு சேர்ந்துகொண்டது. ஒரு நோட்டைத் தட்டிவிட்டால் அதன் எதிரொலி கிக்குக்கும் ஸ்னேருக்கும் நடுவில் சரியாக வந்து உட்காருகிறது. ஆறு வருடத்தில் என் கிட்டார் இவ்வளவு அழகாகக் கேட்டதில்லை.

போன வாரம் ஒரு அம்மன் கோயில் கொடையில் பிரச்சினை வந்தது. பல்லவி முடிந்து பிஜிஎம்முக்காக அவர் வீணை சவுண்டிலிருந்து ஷெனாய்க்கு மாற்றினார். அந்த நொடியே என் பேட்ச் தானாக வேறொன்றுக்குத் தாவியது. மெல்லிய ஆர்பெஜியோ வாசித்துக்கொண்டிருந்த இடத்தில் முழு டிஸ்டார்ஷன் வந்து, பாடிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாவது இதைவிட விசித்திரம். அவர் புல்லாங்குழல் பிட் ஒன்றை வாசித்து முடித்தார். உடனே என் கிட்டாரில் சத்தமே இல்லை. கேபிளை ஆட்டினேன், ஜாக்கைத் திருகினேன், மிக்சர் அண்ணனுக்குக் கையைக் காட்டினேன். தற்செயலாக எக்ஸ்பிரஷன் பெடலை அசைத்ததும் சத்தம் திரும்பி வந்தது. அன்று இரவு மட்டும் நாலு தடவை இப்படி நடந்தது.

ஸ்டாம்ப்பே பழுதா, கேபிள் பழுதா, இல்லை நான் எதையாவது தவறாக வைத்திருக்கிறேனா? பத்து நாளில் அடுத்த கச்சேரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பேஸ்தாளம் எழுதியது:

நண்பரே, மிடி கேபிளைக் கழற்றிவிட்டுப் பழையபடி காலால் டெம்போ தட்டிக்கொள்ளுங்கள். மேடையில் ஒயர் குறையக் குறைய நிம்மதி. எங்கள் குழுவில் கிட்டார் வாசிப்பவர் பாட்டு ஆரம்பிக்கும்போது நாலு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். இத்தனை வருடம் ஓடிவிட்டது.


நெல்லைகிட்டார் எழுதியது:

தம்பி, உங்கள் ஸ்டாம்ப்பில் பழுது இல்லை, கேபிளிலும் இல்லை. இரண்டும் சொன்ன வேலையைத்தான் செய்திருக்கின்றன. இருபத்திமூன்று வருடமாகக் குழுவில் வாசிக்கிறேன். இதே கேபிளை இதே மாதிரி போட்டு இதே கஷ்டத்தை நானும் பட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பேஸ்தாளம் சொன்னதற்கு. கேபிளைக் கழற்ற வேண்டாம். 120 டெம்போவில் ஒரு அடிக்கு 500 மில்லி வினாடி. நாம் விரும்பி வைக்கும் டாட்டட் எய்ட்த் டிலே அதில் முக்கால் பங்கு, அதாவது 375. கொடையில் பாதிப் பாட்டில் இளவட்டங்கள் ஆட ஆரம்பித்ததும் கீபோர்டுக்காரர் 126-க்கு ஏற்றிவிடுவார். இப்போது அந்த டிலே 357 ஆக இருக்க வேண்டும். நீங்கள் ஆரம்பத்தில் தட்டி வைத்த 375-இலேயே நின்றால் ஒவ்வொரு எதிரொலிக்கும் 18 மில்லி வினாடி பிந்தும். நாலாவது எதிரொலியில் 70-க்கு மேல் பிந்திவிடும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் தாளம் எங்கோ கலங்குகிறது என்பது காதில் விழும். கையில் ஆர்பெஜியோ ஓடும்போது காலால் மறுபடி தட்டவும் முடியாது. உங்கள் கீபோர்டு அண்ணன் சொன்ன யோசனை நல்ல யோசனை. அதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது நடந்தது என்ன என்று பார்ப்போம். அந்த ஒரே கேபிளில் கிளாக் மட்டும் வரவில்லை. கீபோர்டில் அவர் செய்யும் எல்லாமே வருகிறது. அழுத்துகிற கட்டை, மாற்றுகிற சவுண்டு, சுற்றுகிற சக்கரம், மிதிக்கிற பெடல் எல்லாம் எண்களாக உங்கள் ஸ்டாம்ப்புக்குள் விழுகின்றன. மிடியில் 16 சேனல் உண்டு. அரேஞ்சரில் வலது கையால் வாசிக்கும் முக்கிய சவுண்டு வழக்கமாக ஒன்றாம் சேனலில் போகும். ஸ்டாம்ப் கடையிலிருந்து வரும்போது காது கொடுப்பதும் ஒன்றாம் சேனலுக்குத்தான். அதனால் அவருடைய வலது கை செய்வதையெல்லாம் உங்கள் ஸ்டாம்ப் தனக்கு வந்த கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது.

வீணையிலிருந்து ஷெனாய்க்குப் போகும்போது கீபோர்டு ஒரு புரோகிராம் சேஞ்ச் அனுப்பும். ஸ்டாம்ப்புக்கு அதே செய்திதான் பேட்ச் மாற்றும் கட்டளை. ஷெனாய்க்கு என்ன எண்ணோ, அந்த எண்ணில் உங்களிடம் இருந்த பேட்ச் வந்துவிட்டது.

சத்தம் போன கதை இன்னும் நுணுக்கமானது. புல்லாங்குழல் வாசிக்கும்போது அவர் இடது கையால் மாடுலேஷன் சக்கரத்தை ஏற்றி அதிர்வு கொடுத்திருப்பார். அந்தச் சக்கரம் அனுப்புவது கண்ட்ரோல் சேஞ்ச் 1, நாம் சிசி 1 என்கிறோமே அது. எச்எக்ஸ் வகைக் கருவிகளில் சிசி 1 என்பது முதலாவது எக்ஸ்பிரஷன் பெடல். அவர் சக்கரத்தை ஏற்றினால் உங்கள் வால்யூம் பெடலை யாரோ மிதித்த மாதிரி. பிட் முடிந்து சக்கரத்தைக் கீழே விட்டதும் எண் 0 ஆகிறது, பெடல் முழுக்கத் தூக்கப்பட்ட மாதிரி வால்யூம் பூஜ்யம். நீங்கள் உண்மையான பெடலை அசைத்ததும் ஸ்டாம்ப் புது எண்ணை எடுத்துக்கொண்டது, சத்தம் வந்தது. எனக்கு இது நடந்தபோது அன்று ராத்திரி முழுக்க கிட்டார் ஜாக்கைத்தான் சந்தேகப்பட்டேன், மறுநாள் காலையில் அதைப் பிரித்துப் புதிதாகப் பற்றவும் வைத்தேன். இரண்டு கச்சேரி கழித்து, சக்கரத்தில் இருந்த அவருடைய விரல் இறங்குவதையும் என் சத்தம் இறங்குவதையும் ஒரே நேரத்தில் பார்த்தபோதுதான் விளங்கியது.

இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் இன்னும் கவனித்திருக்க மாட்டீர்கள். கீபோர்டின் சஸ்டெயின் பெடல் சிசி 64. ஸ்டாம்ப்பில் சிசி 64 என்றால் டேப் டெம்போ, காலால் தட்டி டெம்போ வைப்பது. கிளாக் வாங்குவதை அணைத்துவிட்டு வெறும் கேபிளை மட்டும் போட்டிருந்த ஒரு நாள், அவர் விருத்தத்துக்குப் பின்னால் பியானோவில் சஸ்டெயினை மிதித்து மிதித்து வாசிக்க, என் டெம்போ விளக்கு அவர் காலோடு சேர்ந்து துடித்தது.

தீர்வு ரொம்பச் சின்னது. ஸ்டாம்ப்பில் இரண்டு பேஜ் பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். மெனு வரும். அதில் குளோபல் செட்டிங்ஸ், அதற்குள் மிடி/டெம்போ பக்கம். அங்கே மிடி பேஸ் சேனல் 1 என்று இருக்கும். அதை 7 ஆக்குங்கள். ஏன் 7 என்றால், இந்த அரேஞ்சர்கள் பலவற்றில் ஸ்டைல் பகுதிகள், அதாவது டிரம்ஸ், பேஸ், கார்ட் எல்லாம் 9 முதல் 16 வரையிலான சேனல்களில் போகும். வலது கை, இடது கை சவுண்டுகள் முதல் மூன்று நாலு சேனல்களில் இருக்கும். நடுவில் இருப்பது பெரும்பாலும் காலி. உங்கள் அண்ணனுடைய கீபோர்டின் மிடி மெனுவில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சேனலை மாற்றினால் கிளாக் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். கிளாக்குக்குச் சேனலே கிடையாது. ஒரு அடிக்கு 24 துடிப்பு என்ற கணக்கில் அது எல்லோருக்கும் பொதுவாகப் போகும். நீங்கள் எந்தச் சேனலில் இருந்தாலும் டிலே பூட்டியபடியே இருக்கும்.

அதே பக்கத்தில் புரோகிராம் சேஞ்ச் வாங்குவதை அணைக்கவும் ஒரு வழி உண்டு. சிலர் அதை மட்டும் அணைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். அது போதாது. சக்கரமும் சஸ்டெயினும் அப்போதும் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். சேனலை மாற்றுங்கள். அதுதான் முழு வைத்தியம்.


சாலிடர் எழுதியது:

நெல்லை அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. கேபிள் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன், மேடைக் கேபிள்கள் கட்டித் தருவது என் தொழில்.

ஐந்து ஊசி மிடி கேபிளில் வேலை செய்வது மூன்று ஊசிகள்தான். 4-ம் 5-ம் செய்திக்கு, நடுவில் இருக்கும் 2 ஷீல்டுக்கு. பழைய டேப் ரெக்கார்டர்களுக்கு வந்த ஐந்து ஊசிக் கேபிளும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஓட்டையிலும் நுழையும். ஆனால் அதில் சிலவற்றில் உள்ளே ஒயர் மாறிப் போயிருக்கும். மல்டிமீட்டரில் இந்த முனையின் 4 அந்த முனையின் 4-க்கும், 5 அந்தப் பக்கத்து 5-க்கும் பேசுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நீளம் 15 மீட்டருக்குள் இருக்கட்டும், தர வரையறையே அவ்வளவுதான்.

கொடை மேடையில் பாதி நேரம் ஜெனரேட்டர் கரண்ட். அதில் ஹம் வராமல் இருக்க ஐந்து ஊசிக் கேபிள்தான் நல்லது. காரணம் இருக்கிறது. மிடி இன் ஓட்டைக்குள் ஒரு ஆப்டோ கப்ளர் உண்டு. வருகிற மின்சாரம் உள்ளே ஒரு சின்ன எல்இடியை எரிக்கும், அந்த வெளிச்சத்தைப் பார்த்து மறுபக்கம் செய்தியைப் படிக்கும். கீபோர்டுக்கும் உங்கள் ஸ்டாம்ப்புக்கும் நடுவில் மின் தொடர்பே இல்லை, வெளிச்சம் மட்டும்தான். ஷீல்டையும் வாங்கும் பக்கத்தில் எர்த்தோடு சேர்க்க மாட்டார்கள். அதனால் எர்த் சுற்று உண்டாகாது. யுஎஸ்பியில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. லேப்டாப்பை யுஎஸ்பியில் போட்டதும் "ங்ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த யுஎஸ்பி ஒயரைத்தான்.

இன்னொரு விஷயம், உங்கள் ஸ்டாம்ப்புக்கு 9 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். கூட வந்த அடாப்டரையே போடுங்கள். பக்கத்துப் பெடல் அடாப்டரை அவசரத்துக்குச் சொருகாதீர்கள்.


ஆறுகம்பி எழுதியது:

நெல்லை அண்ணே, சாலிடர் அண்ணே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ரிகர்சலில் சேனலை 7-க்கு மாற்றினேன். கீபோர்டு அண்ணன் வேண்டுமென்றே சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினார், பத்துப் பதினைந்து சவுண்டு மாற்றினார், சஸ்டெயினை மிதித்தார். என் பேட்ச் இம்மிகூட அசையவில்லை. டிலே மட்டும் அவருடைய டெம்போவோடு கூடவே போனது. சக்கரத்தைக் காட்டி "இதாலயா?" என்று அவர் கேட்டபோது எனக்கும் நம்ப முடியவில்லை.

இப்போது அவர் இன்னொன்று சொல்கிறார். பாட்டு வரிசைப்படி அவர் கீபோர்டில் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறார். பாட்டை அவர் தேர்ந்தெடுத்ததும் 7-ம் சேனலில் எனக்கு ஒரு புரோகிராம் சேஞ்ச் அனுப்ப வைக்கலாம், பாட்டுக்கு நடுவிலும் பல்லவிக்கு ஒன்று, பிஜிஎம்முக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று என்று மாற்றிவிடலாம் என்கிறார். நான் காலையே தூக்க வேண்டியதில்லை. செய்யலாமா?


நெல்லைகிட்டார் எழுதியது:

பாட்டு மாறும்போது அவர் அனுப்பட்டும். பாட்டுக்கு நடுவில் வேண்டாம். இது என் உறுதியான கருத்து.

கொடை மேடையில் பாட்டு எழுதி வைத்தபடி போவதில்லை. இரண்டாம் சரணத்துக்குப் போகும் நேரத்தில் ஊர்த் தலைவர் மேடையேறிப் பொன்னாடை போர்த்துவார், பாடகர் பல்லவியையே மூன்று தடவை சுற்றுவார். கீழேயிருந்து ஒன்ஸ்மோர் கேட்டால் பிஜிஎம் மறுபடி வரும். நேரமாகிவிட்டது என்று கமிட்டிக்காரர் கையைக் காட்டினால் ஒரு சரணம் காணாமல் போகும். இதையெல்லாம் பாடகரின் முகத்தைப் பார்த்துத்தான் வாசிக்கிறோம். சரணத்தில் எந்த நொடியில் சவுண்டு மாற வேண்டும் என்பது உங்கள் காலில் இருக்க வேண்டும். கீபோர்டுக்காரருக்கு அந்த நேரத்தில் இரண்டு கையிலும் வேலை இருக்கும், உங்கள் சவுண்டையும் அவர் சுமக்கக் கூடாது.

பாட்டுக்கு நடுவில் மாற்ற ஸ்னாப்ஷாட்டை வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் மாற்றினால் ஸ்டாம்ப் எல்லா பிளாக்குகளையும், அதாவது உள்ளே இருக்கும் எஃபெக்ட்டுகளையெல்லாம், புதிதாக ஏற்றும், ஒரு கணம் சத்தம் அறுபடும், டிலேயின் வாலும் அதோடு போய்விடும். ஸ்னாப்ஷாட் அப்படியல்ல. ஒரே பேட்ச்சுக்குள் எது ஆன், எது ஆஃப், எந்தக் குமிழ் எந்த அளவு என்பதை மட்டும் மாற்றும். பல்லவியின் கடைசி நோட்டுடைய எதிரொலி அறுபடாமல் பிஜிஎம்முக்குள் போய்க் கரையும். பல்லவி, பிஜிஎம், சரணம் மூன்றுக்கும் உங்கள் ஸ்டாம்ப்பில் இருக்கும் மூன்று ஸ்னாப்ஷாட் சரியாகப் பொருந்தும், மூன்று கால் சுவிட்ச் இருக்கிறது. பின்னால் தனி மிடி கால் சுவிட்ச் ஒன்று வாங்கினால், 7-ம் சேனலில் சிசி 69 அனுப்ப வையுங்கள். எண் 0 என்றால் முதல் ஸ்னாப்ஷாட், 1 இரண்டாவது, 2 மூன்றாவது. சிசி 68 டியூனர்.

பாட்டுக்குப் பாட்டு அவர் அனுப்புவதற்கான எண் கணக்கு இது. ஸ்டாம்ப்பில் 42 வரிசை, வரிசைக்கு ஏ, பி, சி என்று மூன்று, மொத்தம் 126 பேட்ச். எண்ணிக்கை 0-இல் தொடங்கும். 01ஏ என்றால் 0, 01பி 1, 01சி 2, 02ஏ 3. வரிசை எண்ணில் ஒன்றைக் கழித்து மூன்றால் பெருக்கி, ஏ-க்கு 0, பி-க்கு 1, சி-க்கு 2 கூட்டுங்கள். 14பி வேண்டுமானால் 13 தடவை 3, அதோடு 1, ஆக 40.


ஞாயிறுகாலை எழுதியது:

நான் கோவையில் சர்ச்சில் வாசிக்கிறேன். எங்களுக்கு நிலைமை வேறு. கிளிக்கும் (தாளம் காட்டும் ஒலி) பேக்கிங் டிராக்கும் லேப்டாப்பில் ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளிலிருந்து ஓடும், பாட்டின் அமைப்பு முதலிலேயே முடிவாகிவிடும். அதனால் ஸ்னாப்ஷாட் உட்பட எல்லாவற்றையும் லேப்டாப்பே அனுப்புகிறது, நான் கண்ணை மூடி வாசிக்கிறேன். கொடை மேடைக்கு இது ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எண் கணக்கில் ஒரு எச்சரிக்கை. சில கருவிகளும் மென்பொருள்களும் புரோகிராமை 0 முதல் 127 என்று காட்டும், சில 1 முதல் 128 என்று காட்டும். ஏபிள்டன் இரண்டாவது வகை. அதில் 14பி-க்கு 40 என்று போட்டால் 14ஏ வரும், 41 போட வேண்டும். உங்கள் கீபோர்டு எந்த வகை என்று 01ஏ-வை வைத்து முதலில் சோதியுங்கள். எந்த எண் போட்டால் 01ஏ வருகிறதோ, அங்கிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.


மலைக்கோட்டை எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருக்கும் மல்டி எஃபெக்ட்டில் ஐந்து ஊசி ஓட்டை இல்லை, யுஎஸ்பி மிடி மட்டும்தான். யுஎஸ்பி மிடி கால் சுவிட்ச் ஒன்றை அதில் நேராகச் சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை.


சாலிடர் எழுதியது:

நடக்காது. யுஎஸ்பியில் ஒரு பக்கம் எஜமானாக இருக்க வேண்டும், அதைத்தான் ஹோஸ்ட் என்கிறோம். உங்கள் இரண்டு கருவியும் கணினியில் சொருகுவதற்காகச் செய்யப்பட்டவை, இரண்டுமே மறுபக்கத்தில் ஒரு ஹோஸ்ட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். நடுவில் யுஎஸ்பி மிடி ஹோஸ்ட் பெட்டி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று போதும், இரண்டையும் அதில் சொருகி ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்புக் கொடுத்துவிடலாம். மேடைக்கு நான் பெட்டியைத்தான் சொல்வேன், கரண்ட் போய் வந்ததும் உடனே எழுந்துவிடும்.


ஆறுகம்பி எழுதியது:

நேற்று கச்சேரி முடிந்தது. காலை நாலு மணிக்கு வீடு வந்து தூங்கி எழுந்ததும் இதை எழுதுகிறேன்.

எங்கள் கீபோர்டு 1-இலிருந்து எண்ணும் வகை. ஞாயிறுகாலை சொன்னபடி சோதித்ததால் தெரிந்தது, இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பேட்ச் தள்ளி வந்திருக்கும். இருபத்தெட்டுப் பாட்டு, அத்தனைக்கும் அவர் பாட்டைத் தொட்டதும் என் திரையில் சரியான பேட்ச் வந்து நின்றது. நடுவில் மாற்றியதெல்லாம் என் கால்தான்.

நெல்லை அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. ஒரு மெதுவான பாட்டில் இரண்டாம் பிஜிஎம் முடியும் நேரத்தில் மாலையோடு ஆட்கள் மேடையேறினார்கள். அக்கா பல்லவிக்கே திரும்பினார்கள். நான் முதல் சுவிட்சை மிதித்தேன். பிஜிஎம்மில் கடைசியாக வாசித்த நோட்டின் எதிரொலி மூன்று தடவை கேட்டு, அக்காவின் குரலுக்கு அடியில் மெல்ல அடங்கியது. மைக்கைப் பிடித்தபடியே அவர்கள் என் பக்கம் திரும்பி ஒருமுறை தலையசைத்தார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம் மட்டும். டிலே பூட்டியிருக்கிறது, ஆனால் ஒரு பேட்ச்சில் இருக்கும் ட்ரெமோலோ மட்டும் ரிதத்தோடு சேரவில்லை. ஏன்?


நெல்லைகிட்டார் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த ட்ரெமோலோவின் வேகம் ஹெர்ட்ஸில் இருக்கும், அதனால் கிளாக்கைப் பார்க்காமல் தன் போக்கில் ஓடுகிறது. ஸ்பீடுக்கான குமிழை ஒருமுறை அழுத்துங்கள், நோட்டு அளவுக்கு மாறிவிடும். கால் நோட்டு வைத்துப் பாருங்கள், அப்புறம் பேட்ச்சைச் சேமிக்க மறக்காதீர்கள்.